பெயரும் பத்திரமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



பெயர் மாற்றத்தையும் ஆவணத் திருத்தத்தையும் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்தனர். இது வழக்கறிஞர் பேச வேண்டிய பொருளாயிற்றே, இமாமுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் சென்ற ஓராண்டில் பள்ளிவாசல் அலுவலகத்திற்கு வந்து, “ஹஜ்ரத், ஜமாஅத் லெட்டர் பேடில் ஒரு கடிதம் வேண்டும்” என்று கேட்டவர்களுள் பெரும்பாலோர் கேட்டது, “இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒருவரையே குறிக்கும்” என்னும் கடிதம்தான். நோய்க்கு உதவி கேட்டு வந்தவர்களைவிட இதற்காக வந்தவர்களே அதிகம். ஆகவே இது நம் ஜமாஅத்தின் பிரச்சினை. மார்க்கத்தோடும் தொடர்புடைய பிரச்சினை.

ஹிஜ்ரி 6 ஆம் ஆண்டில் ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது நடந்ததை நினைவுகூருங்கள். எழுதியவர் அலீ (ரலி) அவர்கள். முஹம்மது ரசூலுல்லாஹ் என்று பெயர் எழுதப்பட்டபோது குறைஷிகளின் தூதரான சுஹைல் இப்னு அம்ரு மறுத்தார். அவரை இறைத்தூதர் என்று நாங்கள் ஏற்றிருந்தால் இந்தச் சண்டையே வந்திராது, ஆகவே அவர் பெயரையும் அவர் தந்தையின் பெயரையும் எழுதுங்கள் என்றார். எழுதியதை அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. நபி (ஸல்) அவர்கள் அந்த இடத்தைக் காட்டச் சொல்லித் தாமே அழித்தார்கள். முஹம்மது இப்னு அப்துல்லாஹ் என்று எழுதப்பட்டது. அவர்களுடைய நபித்துவம் இதனால் அணுவளவும் குறைந்துவிடவில்லை. ஒரு பத்திரத்தில் பெயர் இருப்பது, எதிரே இருப்பவர் ஐயமின்றி ஆளை அறிந்துகொள்வதற்காக. அல்லாஹ்விடத்தில் நம் தகுதி வேறு, காகிதத்தில் நம் அடையாளம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தாம், “பெயரில் ஓர் எழுத்துக் கூடக்குறைய இருந்தால் என்ன, அல்லாஹ்வுக்குத் தெரியாதா?” என்று கேட்கிறார்கள். அல்லாஹ்வுக்குத் தெரியும். வங்கிக்குத் தெரியாதே!

திருக்குர்ஆனின் வசனங்களிலேயே மிக நீளமானது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிவு செய்வது பற்றியது அது. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், சாட்சிகள் இருக்க வேண்டும் என்றெல்லாம் அல் பகரா அத்தியாயத்தில் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எழுத்துக்கு இவ்வளவு மதிப்பளிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், நம் பெயரை எழுதுவதில் காட்டும் அலட்சியத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

நம் வீடுகளில் ஒரு பையனுக்கு சாகுல் ஹமீது என்று பெயரிடுகிறோம். குடும்ப அட்டையில் ‘சாகுல்’, பள்ளிச் சான்றிதழில் ‘ஷாகுல்’, ஆதாரில் ‘ஷாஹுல்’. ஆங்கிலத்தில் எழுதும்போது ஹமீதில் ஒரு ‘இ’ போடுவதா, இரண்டு ‘இ’ போடுவதா, ‘ஐ’ போடுவதா என்பதைப் படிவம் எழுதிக் கொடுப்பவர் தீர்மானிக்கிறார்! முஹம்மது என்னும் திருப்பெயர் நம் ஜமாஅத்தின் பதிவேடு ஒன்றிலேயே நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன். இன்ஷியல் விஷயமோ இன்னும் சிக்கலானது. தந்தை பெயர் அப்துல் காதர். பள்ளியில் சேர்த்தவர் ‘அ’ என்று இன்ஷியல் கொடுத்தார். குடும்ப அட்டைக்கு எழுதியவர், ஊரில் எல்லாரும் காதர் என்றுதானே அழைக்கிறார்கள் என்று ‘கா’ என்று கொடுத்தார். அண்ணனுக்கு ‘அ’, தம்பிக்குக் ‘கா’. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள், காகிதத்தில் அந்நியர்கள்.

இந்த இடத்தில் ஒரு மஸ்அலாவையும் சொல்லி வைக்கிறேன். ‘அப்துல்’ என்பது தனிப்பெயர் அன்று. ‘இன்னாருடைய அடிமை’ என்பதன் முற்பகுதி அது. அப்துர் ரஹ்மானில் ‘அப்துல்’லைப் பெயர்ப் பகுதியிலும் ‘ரஹ்மான்’ என்பதைக் குடும்பப் பெயர்ப் பகுதியிலும் பிரித்துப் போட்டு விடுகிறார்கள். பிறகு அலுவலகங்களில் அம்மனிதரை மிஸ்டர் ரஹ்மான் என்று அழைக்கிறார்கள். அர்ரஹ்மான் அல்லாஹ்வுக்கே உரிய திருநாமம். படிவம் நிரப்பும்போதே இரண்டையும் ஒரே கட்டத்தில் சேர்த்து எழுதி, தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதினால் மார்க்கமும் காக்கப்படும், காகிதமும் சீராகும்.

குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையவர்களைச் சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. குடும்பப் பெயர் என்னும் வழக்கமே இல்லாத தமிழ் மக்களை இது நேரடியாகத் தாக்கியது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் வந்தது. ஆயினும் அந்த நாட்களில், மகனைப் பார்க்கப் புறப்பட்ட பெற்றோர் பலர் பெட்டி கட்டிய பிறகு கலங்கி நின்றார்கள்.

பெயர்க் குழப்பத்தால் மிகுந்த துன்பத்திற்கு ஆளாகிறவர்கள் நம் பெண்கள். குறிப்பாகக் கணவரை இழந்தவர்கள். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரியின் நிலையைச் சொல்கிறேன். பெயரும் தெருவும் வேண்டா. கணவர் வீட்டிலேயே மவுத்தானார். மய்யித்தை அடக்கிய மறுநாள் இறப்பைப் பதியச் சென்ற உறவினர், ஊர் வழங்கிய செல்லப் பெயரையே சொல்லிப் பதிந்துவிட்டார். வங்கியில் இருந்ததோ பள்ளிச் சான்றிதழில் உள்ள முழுப் பெயர். இன்னார்தான் இறந்தார் என்பதற்குச் சான்று எங்கே என்று வங்கியில் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை. அச்சகோதரி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டியவர். அந்நாட்களில் வீட்டுச் செலவுக்கு இருந்த ஒரே பணம் அந்தக் கணக்கில் இருந்தது. வாரிசுச் சான்று கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்திற்குச் சென்றால், இறப்புச் சான்றைத் திருத்திக் கொண்டு வாருங்கள் என்றார்கள். பைத்துல்மாலிலிருந்து நாம் உதவினோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தம் கணவரின் சொந்தப் பணம் இருக்க, அவர் ஏன் உதவி பெற வேண்டும்? வாரிசுரிமையை உரியவரிடம் சேர்ப்பது நம் மீது கடமை. அதை ஓர் எழுத்துப் பிழை தடுத்து நிறுத்துமானால், அப்பிழையைத் தவிர்ப்பதும் அக்கடமையில் சேர்ந்ததே. இறப்பைப் பதியச் செல்பவர் இறந்தவரின் ஆதார் அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். வாய்மொழியாகப் பெயர் சொல்லாதீர்கள்.

இனிச் சட்ட நடைமுறைக்கு வருகிறேன். முதலில் ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். பிழைத்திருத்தம் வேறு, பெயர் மாற்றம் வேறு. பதிவேட்டில் எழுத்துப் பிழை நேர்ந்திருந்தால் அது திருத்தம். 1969 ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி, சான்றுகளைக் கண்டு மனநிறைவடைந்த பதிவாளரே அதைத் திருத்தலாம். பழைய எழுத்தை அழிக்காமல், ஓரக்குறிப்பாகத் திருத்தம் எழுதிக் கையொப்பமும் தேதியும் இடுவார். மேற்சொன்ன சகோதரியின் விவகாரமும் இவ்வழியில்தான் முடிந்தது. இதற்கு அரசிதழ் வரை செல்ல வேண்டியதில்லை. சில்லறை வேறுபாடுகளுக்கு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் அளிக்கும் பிரமாணப் பத்திரத்தைச் சில அலுவலகங்கள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை.

ஒரு பெயரை விட்டு வேறொரு பெயரை மேற்கொள்வதுதான் பெயர் மாற்றம். இதற்குத் தமிழ்நாடு அரசிதழில், அதாவது நாம் கெஜட் என்று சொல்வதில், அறிவிப்பு வெளியாக வேண்டும். இதைக் கவனிப்பது எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை. சென்னை அண்ணா சாலையில் அதன் தலைமை அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பப் படிவம் துறையின் இணையதளத்திலும் கிடைக்கிறது. பழைய பெயர், புதிய பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், முகவரி, மாற்றத்திற்கான காரணம் ஆகியவற்றை எழுதி, பழைய பெயருக்கும் பிறந்த தேதிக்கும் உரிய சான்றுகளை இணைத்து, புகைப்படத்துடன் முறைப்படி சான்றொப்பம் பெற்று, கட்டணத்துடன் அனுப்ப வேண்டும். தமிழில் வெளியிடுவதற்கும் ஆங்கிலத்தில் வெளியிடுவதற்கும் கட்டணம் வேறு வேறு. பாஸ்போர்ட், ஆதார், வெளிநாட்டு வேலை எல்லாவற்றுக்கும் ஆங்கில எழுத்துகளே கணக்கில் வருவதால், ஆங்கிலத்தில் வெளியிடுவதே நமக்கு உகந்தது என்பது என் கருத்து. வயது 18 நிறையாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிட வேண்டும்.

அரசிதழின் 6 ஆம் பகுதி 4 ஆம் பிரிவில் இவ்வறிவிப்புகள் வெளியாகின்றன. வெளியானவுடன் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அச்சுப் பிழை இருப்பின் உடனே தெரிவியுங்கள். பிழையைத் திருத்தச் சென்று, அரசிதழிலேயே பிழையோடு திரும்புவது போன்ற வேதனை வேறில்லை. நகல்களைப் பத்திரமாக வையுங்கள்; வாழ்நாள் முழுதும் தேவைப்படும். அந்தப் பக்கத்திலேயே ஒரு குறிப்பும் அச்சிடப்பட்டிருக்கும். இதன் சட்ட விளைவுகளுக்கும், தவறான தகவல் இருப்பின் அதற்கும் அறிவிப்புச் செய்தவரே பொறுப்பு, துறை பொறுப்பேற்காது என்பது அதன் கருத்து. ஆகவே கடன்காரரிடமிருந்து தப்பவோ வழக்கிலிருந்து ஒளியவோ பெயர் மாற்றுகிறவரை அரசிதழ் காப்பாற்றாது. மார்க்கமும் காப்பாற்றாது.

அரசிதழ் கைக்கு வந்த பின் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் ஒருவர் தம் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே திருத்தலாம் என்பது விதி. கணினி மையத்தில் அவசரத்தில் ஒரு முறையை வீணாக்கியவர்கள் நம்மிடையே உண்டு. அடுத்து பான் அட்டையும் வங்கிக் கணக்கும். ஆதாரிலும் பானிலும் பெயர் பொருந்தாமையால் இரண்டையும் இணைக்க முடியாது தவித்தவர்கள் பலர். 2023 ஜூலை 1 முதல் இணைக்கப்படாத பான் செயலிழந்ததை அறிவீர்கள். பிறகு வாக்காளர் அடையாள அட்டைக்குப் படிவம் 8, குடும்ப அட்டை, ஓட்டுநர் உரிமம் என்று தொடரலாம். பாஸ்போர்ட்டில் பெயர் மாறினால் பழைய புத்தகத்தில் திருத்தித் தரமாட்டார்கள். மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துப் புதிய புத்தகம் பெற வேண்டும். வளைகுடாவில் பணிபுரியும் சகோதரர்கள் இதில் அவசரப்பட வேண்டாம். இகாமாவும் விசாவும் பழைய பெயரில் இருக்க, பாஸ்போர்ட் மட்டும் புதிய பெயரில் வந்தால் விமான நிலையத்தில் நிற்க நேரிடும். முதலாளியிடம் கேட்டு, அங்கே எப்படி மாற்றுவது என்று அறிந்த பிறகே இங்கே தொடங்குங்கள்.

பள்ளிச் சான்றிதழைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னர், பள்ளியில் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லிக் கையொப்பம் வாங்குவார்கள். பிள்ளை கையில் கொடுத்துவிடும் அந்தத் தாளைப் படிக்காமல் கையொப்பமிடாதீர்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் திருத்தம் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை செல்ல வேண்டும். 2021 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம், மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் சான்றிதழ்கள் தொடர்பான வழக்கில், பெயர் என்பது ஒருவரின் அடையாளத்தோடு பிரிக்க முடியாத கூறு என்று கூறி, திருத்தம் கோருவோரின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு அவ்வாரியத்தைப் பணித்தது. உரிமை உண்டுதான். ஆனால் அந்தக் குழந்தைகள் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்ததையும் எண்ணிப் பாருங்கள்.

சரி, யார் பெயரை மாற்ற வேண்டும்? நபி (ஸல்) அவர்கள் தீய பொருளுடைய பெயர்களை மாற்றியிருக்கிறார்கள். ஆஸியா, அதாவது மாறு செய்பவள், என்று பெயர் கொண்டிருந்த பெண்மணிக்கு ஜமீலா என்று பெயரிட்டார்கள். ஹஸ்ன் என்னும் கடினமான பெயருடைய ஒருவருக்கு ஸஹ்ல், அதாவது எளியவர், என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். தந்தை இட்ட பெயரை விடமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்தக் கடுமை எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது என்று அவருடைய பேரர் ஸயீத் இப்னு முஸய்யப் (ரஹ்) பிற்காலத்தில் வருந்திச் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஆனால் நல்ல பொருளுடைய பெயரை, எண் கணிதம் பார்ப்பவர் சொன்னார் என்று ஓர் எழுத்தைக் கூட்டி மாற்றுகிறவர்கள் நம்மிலும் தோன்றியிருக்கிறார்கள். எழுத்தில் அதிர்ஷ்டம் இருப்பதாக நம்புவது ஈமானுக்குப் பழுது. அதற்காகக் கெஜட்டுக்கு வேறு பணம் கட்டுகிறார்கள்!

புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய சகோதரர்களிடம், “பெயரை மாற்றினால்தான் முஸ்லிம்” என்று நம்மவர் சிலர் நெருக்குவதாக அறிகிறேன். இது தவறு. ஸஹாபாக்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்லாத்திற்கு வந்தபோது தம் முந்தைய பெயரோடுதான் இருந்தார்கள். பெயரின் பொருளில் இணைவைப்பு இருந்தால் மாற்ற வேண்டும். இல்லையெனில் அவர் விருப்பம். மாற்ற விரும்புகிறவருக்கு அரசிதழ் வரை நாம் துணை செல்ல வேண்டும். பள்ளிவாசலில் ஒரு பெயர், ஆவணத்தில் ஒரு பெயர் என்று அவரை இடைவழியில் விட்டுவிட்டால், பிற்காலத்தில் அவருடைய நிகாஹிலும் அவர் பிள்ளைகளின் சான்றுகளிலும் அந்தச் சிக்கல் தொடரும்.

பெண்களுக்கு ஒரு செய்தி. திருமணத்திற்குப் பின் தந்தையின் இன்ஷியலை நீக்கிக் கணவரின் இன்ஷியலைப் போட வேண்டும் என்று மார்க்கமும் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இறுதி வரை அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளாகவே அழைக்கப்பட்டார்கள். மாற்றாமல் விட்டால் எத்தனை படிவங்கள் மிச்சம்! அதுபோலவே, பெற்றோரை இழந்த உறவுப் பிள்ளையை வளர்ப்பவர்கள், பள்ளியில் சேர்க்கும்போது தந்தை என்ற இடத்தில் தம் பெயரை எழுதிவிடுகிறார்கள். ஸைத் (ரலி) அவர்கள் ஸைத் இப்னு முஹம்மது என்று அழைக்கப்பட்டு வந்து, அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் வசனம் இறங்கிய பின் ஸைத் இப்னு ஹாரிஸாவாகவே அழைக்கப்பட்டதை நாம் மறக்கலாகாது. அன்போடு வளர்ப்பதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆனால் படிவத்தில் காப்பாளர் என்ற இடத்தில் எழுதுங்கள். நாளை அப்பிள்ளைக்குத் தன் தந்தையின் சொத்தில் வரவேண்டிய பங்கும் அந்த ஒரு சொல்லைச் சார்ந்திருக்கிறது.

இனி ஜமாஅத் கடிதத்தைப் பற்றி. நம் கடிதம் ஒரு துணைச் சான்று மட்டுமே. அது அரசிதழுக்கு ஈடாகாது. மேலும், அது ஒரு ஷஹாதத், சாட்சியம். எனக்குத் தெரியாத ஒன்றுக்கு நான் சாட்சியம் எழுத முடியாது. இரண்டு வயது குறைத்து எழுதித் தாருங்கள், அண்ணன் பாஸ்போர்ட்டில் தம்பி செல்ல ஒரு கடிதம் தாருங்கள் என்று கேட்டவர்களுக்கு நான் மறுத்ததில் சிலருக்கு வருத்தம் இருக்கலாம். பொய்ச் சாட்சியம் பெரும் பாவங்களுள் ஒன்று. அந்த வருத்தத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நிகாஹ் பதிவேட்டிலும் இனி ஓர் ஒழுங்கு வேண்டும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் உள்ளது. நிகாஹ் நடந்த 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள். நிகாஹ் புத்தகத்தில் மணமகள் பெயர் வீட்டில் வழங்கும் பெயராகவும், ஆதாரில் வேறாகவும் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். ஆகவே நிகாஹுக்கு ஒரு வாரம் முன்பே இரு வீட்டாரும் ஆதார், பள்ளிச் சான்றிதழ் நகல்களை அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று நிர்வாகம் தீர்மானித்திருக்கிறது. மாலையும் கையுமாக மாப்பிள்ளை அமர்ந்திருக்கும்போது எழுத்துக்கூட்டல் கேட்கும் நிலை வேண்டாம்.

வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கியபோது நேர்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேட வேண்டியிருந்தது. தெரு தெரிந்தது, வீட்டு எண் தெரிந்தது, அத்தாவின் பெயர் மட்டும் யாரோ ஒருவருடைய பெயர் போல் எழுதப்பட்டிருந்தது. நம் இளைஞர்கள் இரவு இஷாவுக்குப் பின்னும் அமர்ந்து படிவங்களை நிரப்பிக் கொடுத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக.

பிறக்கும் குழந்தைகள் விஷயத்தில் நாம் ஒழுங்காயிருந்தால் இவற்றுள் பெரும்பகுதி நேராது. ஏழாம் நாளில் அகீகா கொடுத்துப் பெயரிடுவது சுன்னத். அரசுச் சட்டம் பிறப்பைப் பதிய 21 நாட்கள் தருகிறது. சுன்னத்தைப் பேணுகிறவருக்குப் பதினான்கு நாட்கள் மீதம் இருக்கின்றன! பெயரில்லாமல் பிறப்பை மட்டும் பதிந்திருந்தால், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தின்படி, அந்நாள் முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், அரசு வேலை ஆகியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்திற்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். நம் காலத்தில் பள்ளிச் சான்றிதழைக் காட்டிச் சமாளித்தது போல அவர்கள் சமாளிக்க இயலாது. ஆகவே பெயர் சூட்ட என்னிடம் வருகிறவர்களுக்கு இனி ஒரு துண்டுச் சீட்டில், அரபியிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டலோடு பெயரை எழுதித் தருவேன். தந்தையின் ஆதாரில் அவர் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே அதில் இடம்பெறும். அந்தச் சீட்டோடு பதிவு அலுவலகம் செல்லுங்கள்.

ஏற்கெனவே சிக்கலில் இருப்பவர்களுக்காக, ஒவ்வொரு சனிக்கிழமையும் அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை நம் அலுவலகத்தில் இரண்டு இளைஞர்கள் அமர்ந்திருப்பார்கள். வீட்டிலுள்ள எல்லாருடைய அட்டைகளையும் சான்றிதழ்களையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். மூலங்களைக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டாம், நகல் போதும். எது திருத்தம், எது மாற்றம் என்று பிரித்துச் சொல்வார்கள். வர இயலாத முதியவர்களும் இத்தாவில் இருக்கும் பெண்களும் தெரிவித்தால் வீட்டுக்கே வருவார்கள். கட்டணம் எதுவும் இல்லை.